டேப்லெட்டா, இ-ரீடரா? முதலில் உங்கள் கோப்புகளைத் திறந்து பாருங்கள்

புத்தகம் படிக்க வேண்டும், இடையிடையே இணையமும் பார்க்க வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டுக் கேட்டே மாதக்கணக்கில் எதையும் வாங்காமல் இருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஒருவர் கிண்டில் என்கிறார். இன்னொருவர் ஐபேட் என்கிறார். மூன்றாமவர், கையில்தான் போன் இருக்கிறதே என்கிறார். மூவரும் சொல்வது அவரவர் வரையில் சரிதான். ஆனால் மூவரும் படிப்பது வேறு வேறு. அதைச் சொல்லாமல் கருவியின் பெயரை மட்டும் சொல்வதால்தான் குழப்பம்.

நானும் முதல் கருவியை அப்படித்தான் தவறாக வாங்கினேன். 6 அங்குல இ-ரீடர், அதாவது மின்னூல் படிப்பதற்கென்றே செய்த கருவி. திரை அருமை, கையில் எடையே தெரியவில்லை. அன்று இரவே ஆசையாகப் பழைய நாவல் ஒன்றின் ஸ்கேன் பிடிஎஃப்பை ஏற்றினேன். எழுத்து எறும்பு வரிசைபோல் இருந்தது. பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. வலப்பக்கம் இழுத்து வரியை முடித்து, திரும்ப இடப்பக்கம் இழுத்து அடுத்த வரியைத் தேடி, மூன்று பக்கம் போவதற்குள் கதையே விட்டுப்போனது. கருவியில் ஒரு குறையும் இல்லை. என்னிடம் இருந்த புத்தகங்களில் முக்கால்வாசி பிடிஎஃப் என்பதை வாங்குவதற்கு முன் நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கருவிகளுக்குப் போவதற்கு முன், எதையெல்லாம் வைத்து எடை போடுவது என்று பார்த்துவிடுவோம்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

கோப்பின் வகை. என் கணக்கில் முடிவில் பாதி இதிலேயே வந்துவிடும். மின்னூல்கள் இரண்டு ஜாதி. ஈபப், கிண்டில் வகைக் கோப்புகளில் எழுத்து தண்ணீர் மாதிரி. திரை எந்த அளவோ அதற்குத் தக்கபடி வரிகள் மடிந்துகொள்ளும். பிடிஎஃப் அப்படியல்ல. தாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். திரை சிறிதானால் எழுத்தும் சிறுக்கும்.

எவ்வளவு சிறுக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். 6 அங்குல இ-ரீடரின் திரை ஏறக்குறைய 91 அகலம், 122 உயரம். முழுப் பக்கமும் தெரிய வேண்டுமென்றால் அதை 41 சதவீதமாகச் சுருக்க வேண்டும். 12 புள்ளியில் (எழுத்தின் அளவைச் சொல்லும் 'பாயிண்ட்') அச்சான எழுத்து 5 புள்ளியாகிவிடும். மருந்து அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் எழுத்து அது. 8.3 அங்குல டேப்லெட்டில் அதே எழுத்து ஆறரைப் புள்ளி. சாதாரண 11 அங்குல டேப்லெட்டில் 9 புள்ளி. 9 புள்ளியைக் கண்ணாடி போட்டோ போடாமலோ நிம்மதியாகப் படிக்கலாம். 5 புள்ளியில் யாரும் புத்தகம் படிக்க முடியாது.

ஸ்கேன் செய்யப்பட்ட சிறிய அளவுப் புத்தகங்கள் இவ்வளவு மோசமில்லை. ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால் 7 அங்குல இ-ரீடரிலேயே பல நாவல்கள் படிக்கும்படி வந்துவிடும். ஆனால் ஸ்கேன் கோப்பில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். இ-ரீடரின் சின்ன பிராசசர் பக்கம் புரட்டும்போதெல்லாம் திணறும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. காகிதத்தில் 9 சென்டிமீட்டருக்கு 12 சென்டிமீட்டர் கட்டம் போடுங்கள். நீங்கள் அதிகம் படிக்கும் பிடிஎஃப்பைக் கணினியில் திறந்து, பக்கம் அந்தக் கட்டத்துக்குள் அடங்கும்வரை சுருக்கிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. நான் இதைச் செய்திருந்தால் அந்த முதல் கருவியை வாங்கியிருக்க மாட்டேன்.

இணையம் என்றால் எந்த இணையம்? நீண்ட கட்டுரைகள் படிப்பது ஒன்று. செய்தித் தளம், காணொளி, வரைபடம், படிவம் நிரப்புவது, பத்துத் தாவலைத் திறந்துவைத்துத் தாவுவது வேறொன்று. முதலாவதை இ-ரீடருக்கு அனுப்பிப் படித்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு டேப்லெட், போன், கணினி மூன்றுக்கும் வெளியே வழியில்லை.

எங்கே, எப்போது படிக்கிறீர்கள்? வெயிலிலா, இரவு விளக்கணைத்த பிறகா, நின்றுகொண்டே பயணத்திலா? கையில் பிடித்தா, மேசையில் வைத்தா?

எத்தனை வருடம் தாங்கும், வாங்கிய புத்தகம் யாருடையது? இதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். பெரும்பாலோர் யோசிக்காமல் விடுவது இதைத்தான்.

## ஒரு பார்வையில்

| | சாதாரண இ-ரீடர் (6–7 அங்குலம்) | ஆண்ட்ராய்டு இ-இங்க் (இ-ரீடர் திரை, உள்ளே ஆண்ட்ராய்டு) | சிறிய டேப்லெட் (8 அங்குலம்) | பெரிய டேப்லெட் (10–11 அங்குலம்) |
|---|---|---|---|---|
| நாவல், நீண்ட உரைநடை | மிக நன்று | மிக நன்று | நன்று | பரவாயில்லை, கை வலிக்கும் |
| ஏ4 பிடிஎஃப் | முடியாது | 10 அங்குலமானால் நன்று | சிரமம் | மிக நன்று |
| படக்கதை, வண்ணப் பக்கம் | குறைவு | குறைவு | நன்று | மிக நன்று |
| இணையம் | பெயருக்குத்தான் | பொறுமை இருந்தால் | நன்று | மிக நன்று |
| வெயிலில் படிப்பது | மிக நன்று | மிக நன்று | சிரமம் | சிரமம் |
| சார்ஜ் | வாரக்கணக்கு | நாள்கணக்கு | ஓரிரு நாள் | ஓரிரு நாள் |
| கவனச்சிதறல் | இல்லை | நீங்கள் ஏற்றுவதைப் பொறுத்து | அதிகம் | அதிகம் |

## சாதாரண இ-ரீடர்

கிண்டில், கோபோ, பாக்கெட்புக் எல்லாம் இந்த வகை. இவற்றின் திரை இ-இங்க். தலைமுடி அளவே உள்ள நுண்குமிழிகள் லட்சக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கும். மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். அப்புறம் மின்சாரத்தை நிறுத்தினாலும் போன இடத்திலேயே நிற்கும். அதனால் பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் வேண்டும். நிஜ நிறத்துகள் என்பதால் வெயில் கூடக்கூட எழுத்து தெளிவாகும். டேப்லெட்டில் நடப்பதற்கு நேர் எதிர்.

சார்ஜ் பற்றிய விளம்பரத்தை மட்டும் பிரித்துப் படியுங்கள். 2024 இல் வந்த கிண்டில் பேப்பர்ஒயிட் 12 வாரம் தாங்கும் என்று சொல்லப்படுகிறது. அந்தக் கணக்கு, வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டு நாளுக்கு அரை மணி நேரம் படித்தால். பெருக்கிப் பாருங்கள்: 42 மணி நேரம். ஐபேட்டுக்குச் சொல்லப்படுவது 10 மணி நேரம். ஆக, வாசிப்பு நேரத்தில் வித்தியாசம் நான்கு மடங்குதான். ஆனால் இ-ரீடரை ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டு எடுத்தாலும் விட்ட பக்கத்திலேயே உயிரோடு இருக்கும். அன்றாடத்தில் உணரும் சுகம் அதுதான்.

எடை இன்னொன்று. அந்தப் பேப்பர்ஒயிட் 211 கிராம். 6 அங்குலச் சாதாரணக் கிண்டில் 158 கிராம். சாதாரண ஐபேட் 477 கிராம். கடையில் இரண்டு நிமிடம் பிடிக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையில் பிடித்து, கட்டைவிரலால் பக்கம் தள்ளி நாற்பது நிமிடம் படித்துப் பாருங்கள். முதலில் களைப்பது கண்ணல்ல, மணிக்கட்டு.

இதன் உலாவி இருக்கிறது என்று சொல்லத்தான் இருக்கிறது. டேப்லெட் திரை நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்கிறது. இ-இங்க் ஒவ்வொரு மாற்றத்துக்கும் துகள்களை நகர்த்த வேண்டும். விரலால் பக்கத்தை மேலே தள்ளினால் திரை மினுங்கும், முந்தைய வரியின் நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓர் அகராதிச் சொல்லைத் தேடலாம். மின்னஞ்சலே பார்க்க மனம் வராது.

ஆனால் நீண்ட கட்டுரைகளுக்கு மாற்று வழி இருக்கிறது. கணினியிலோ போனிலோ கட்டுரையைக் கண்டதும் கிண்டிலுக்கு அனுப்பிவிடலாம். விளம்பரம், பக்கப்பட்டை எல்லாம் உதிர்ந்து உரை மட்டும் போய்ச் சேரும். கோபோவில், கட்டுரைகளைச் சேமித்துவைக்கும் இன்ஸ்டாபேப்பர் சேவை வழியாக அதே வசதி. நான் வாரம் முழுதும் அனுப்பிவைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து படிப்பேன். தாவலில் திறந்துவைத்து ஒருநாளும் படிக்காமல் போன கட்டுரைகளை இப்போது கடைசி வரி வரை படிக்கிறேன். இந்த ஒரு பழக்கத்துக்காகவே எனக்கு இ-ரீடர் பிடிக்கும்.

வண்ண இ-ரீடர்கள் பற்றியும் கேட்கிறார்கள். கோபோ 2024 இல் கொண்டுவந்த வண்ணக் கருவிகளில் உள்ள காலிடோ 3 வகைத் திரை, கறுப்பு வெள்ளையில் அங்குலத்துக்கு 300 திரைப்புள்ளி (பிக்சல்) காட்டும். வண்ணத்தில் 150 தான். மேலே வண்ண வடிகட்டிப் படலம் இருப்பதால் பின்னணி சற்று மங்கல். அட்டைப்படமும் அடிக்கோட்டு நிறங்களும் அழகாக இருக்கும். நாவல் மட்டும் படிப்பவர் அந்தக் காசைக் கறுப்பு வெள்ளையில் பெரிய திரைக்குப் போடுவது நல்லது.

கிண்டிலா கோபோவா என்றால்: புத்தகங்களைப் பெரும்பாலும் அமேசானில் வாங்குபவருக்குக் கிண்டில். தமிழ் மின்னூல்கள் அங்கே 2016 முதல் விற்பனைக்கு இருக்கின்றன, எண்ணிக்கையும் அதிகம். ஈபப் கோப்புகளைப் பல இடங்களிலிருந்து திரட்டுபவருக்கும், ஓவர்டிரைவ் வழியாக மின்னூல் இரவல் தரும் பொது நூலகத்தில் உறுப்பினராக இருப்பவருக்கும் கோபோ. கிண்டிலுக்கும் ஈபப் அனுப்பலாம். ஆனால் அது அமேசானின் வழியாகப் போய் வடிவம் மாறித்தான் உள்ளே வரும்.

யாருக்கு: படிப்பதில் பெரும்பகுதி நாவல், சிறுகதை, கட்டுரைத் தொகுப்பு, கோப்புகள் ஈபப் அல்லது கிண்டில் வகை, இணையத்துக்கு ஏற்கெனவே நல்ல போன் இருக்கிறது.

## ஆண்ட்ராய்டு இ-இங்க் கருவி

ஆனிக்ஸ் நிறுவனத்தின் பூக்ஸ் வரிசை இதில் பெயர் பெற்றது. திரை இ-இங்க், உள்ளே ஆண்ட்ராய்டு. கிண்டில் செயலி, கோபோ செயலி, உலாவி, அகராதி எதையும் ஏற்றிக்கொள்ளலாம். காதில் கேட்கும்போது இதுதான் விடை என்று தோன்றும்.

பழகினால் இரண்டு விஷயம் தெரியும். செயலிகள் எல்லாம் எரியும் திரைக்காக எழுதப்பட்டவை. மெல்லிய சாம்பல் நிற எழுத்து, வழுக்கி நகரும் பட்டியல், அசையும் பொத்தான் எல்லாமே இ-இங்க்கில் இடறும். ஒவ்வொரு செயலிக்கும் புதுப்பிப்பு வேகம், கறுப்பின் அடர்த்தி என்று தனித்தனியாக அமைக்க வேண்டும். அமைத்துவிட்டால் நன்றாகவே இருக்கும். இணையக் கட்டுரைகளைப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் படிப்பது இதில் கண்ணுக்கு இதமான அனுபவம். ஆனால் அந்த அமைக்கும் வேலை சிலருக்குச் சுகம், சிலருக்குத் தலைவலி. இரண்டாவது: பின்னணியில் ஆண்ட்ராய்டு ஓடிக்கொண்டே இருப்பதால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்காது.

10.3 அங்குல வகை மட்டும் தனி ரகம். பிடிஎஃப்பை முழு அகலத்தில் பார்க்கலாம், எழுதுகோலால் ஓரத்தில் குறிப்பு எழுதலாம், கண்ணில் ஒளி அடிக்காது. ஆய்வுக் கட்டுரைகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. விலை நல்ல டேப்லெட்டை எட்டிவிடும். காணொளி, வண்ண வரைபடம் எதற்கும் ஆகாது என்பதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

யாருக்கு: பல கடைகளின் மின்னூல்களை ஒரே கருவியில் படிக்க விரும்புபவர், அமைப்புகளை நோண்டத் தயங்காதவர், பிடிஎஃப்பில் குறிப்பெழுதிப் படிப்பவர்.

## சிறிய டேப்லெட்

ஏறக்குறைய 8 அங்குலத் திரையோடு வருபவை. 8.3 அங்குல ஐபேட் மினி 293 கிராம். டேப்லெட்டுகளில் ஒரு கையில் பிடித்துப் படிக்கத் தோதானது இதுதான். இணையம் தடங்கலில்லாமல் ஓடும். ஈபப்பும் நன்றாக இருக்கும்.

வாங்கும்போது திரையின் புள்ளி அடர்த்தியைப் பாருங்கள். மினியில் அங்குலத்துக்கு 326 புள்ளி. சாம்சங் டேப் ஏ9 போன்ற மலிவு வகைகளில் 8.7 அங்குலத்தில் 1340க்கு 800 புள்ளிதான். கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 180 அளவில் வரும். ஆங்கிலத்துக்கு அது போதும் என்று விட்டுவிடலாம். தமிழில் 'ண', 'ன', 'ணை' என்று சுழிகள் நெருங்கி வரும் இடத்திலும், மெய்யெழுத்தின் புள்ளியிலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. எழுத்தைச் சற்றுப் பெரிதாக வைத்துச் சமாளிக்கலாம்.

அமேசானின் ஃபயர் டேப்லெட்டுகள் விலை குறைவு என்று கண்ணில் படும். அவற்றில் கூகுள் பிளே கிடையாது. அமேசானின் செயலிக் கடையில் கிடைப்பதுதான். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் செயலி அங்கே இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

யாருக்கு: ஒரே கருவிதான் வாங்க முடியும், வாசிப்பும் இணையமும் பாதிப் பாதி, பிடிஎஃப் குறைவு.

## பெரிய டேப்லெட்

பழைய புத்தகங்களின் ஸ்கேன்கள், பாடநூல்கள், இதழ்கள், படக்கதைகள். இவைதான் உங்கள் வாசிப்பு என்றால் மேலே சொன்ன எதையும் பார்க்க வேண்டாம், நேராக 10 அல்லது 11 அங்குலத்துக்கு வாருங்கள். தமிழில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய நூல்களில் ஏராளமானவை பக்கம் பக்கமாகப் படமெடுத்த பிடிஎஃப்கள்தான். 1998 முதல் நடந்துவரும் மதுரைத் திட்டம்போலத் தட்டச்சு செய்து தருபவை உண்டு. அவை இ-ரீடரிலும் நன்றாக வரும். ஆனால் அரிய நூல் ஒன்றைத் தேடிப் போனால் கிடைப்பது பெரும்பாலும் ஸ்கேன்தான்.

இன்னொரு கூட்டமும் இங்கே வர வேண்டும்: பார்வை மங்கிய பெரியவர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற ஒரே சொல்லை நினைத்துப் பாருங்கள். 6 அங்குலத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் அந்தச் சொல்லே ஒரு வரியை நிறைத்துவிடும், முந்தைய வரியில் இரண்டு சொல் அகன்று பல் விழுந்த மாதிரி நிற்கும். இரு ஓரமும் சமமாக்கும் அமைப்பை நீக்கி, இடப்பக்கம் மட்டும் நேராக வைத்தால் ஓரளவு சரியாகும். ஆனாலும் பெரிய எழுத்துக்குப் பெரிய திரைதான் வழி. அதோடு, டேப்லெட்டில் உரையைத் தமிழிலேயே வாசித்துக் காட்டும் வசதியும் இருக்கிறது. கண் களைத்தால் கேட்கலாம்.

குறை எடைதான். கையில் பிடிக்காதீர்கள். தாங்கி வைத்து, மேசையிலோ மடியில் தலையணை வைத்தோ படியுங்கள்.

யாருக்கு: பிடிஎஃப், பாடநூல், படக்கதை, பெரிய எழுத்து தேவைப்படுபவர், கணினி இல்லாதவர்.

## கையில் இருக்கும் போன்

எதையும் வாங்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். ஈபப் கோப்பைப் போனில் திறந்து, அறிவிப்புகளை அணைத்து, ஒரு மாதம் படித்துப் பாருங்கள். மாதத்தில் ஒரு புத்தகமாவது முடித்தால் கருவி வாங்கத் தகுந்த வாசிப்பு உங்களுக்கு இருக்கிறது. முடிக்கவில்லை என்றால் எதனால் என்று பாருங்கள். திரை சிறியது என்பதாலா, அல்லது இடையில் செய்திகள் வந்து இழுத்ததாலா? முதலாவது என்றால் டேப்லெட்டும் தீர்வு. இரண்டாவது என்றால் இ-ரீடர் மட்டும்தான் தீர்வு, ஏனென்றால் டேப்லெட்டிலும் அதே செய்திகள் வரும்.

## கண்ணும் தூக்கமும்

இ-ரீடரின் விளக்கு திரையின் ஓரத்திலிருந்து எழுத்தின் மேல் விழுந்து திரும்பி வருகிறது. டேப்லெட்டில் ஒளி திரைக்குப் பின்னாலிருந்தோ திரையிலிருந்தோ நேராகக் கண்ணுக்கு வருகிறது. பகல் வெளிச்சத்தில் இ-ரீடருக்கு விளக்கே வேண்டாம்.

தூக்கத்தைப் பொறுத்தவரை, 2014 இல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்று அதிகம் பேசப்பட்டது. 12 பேர், ஐந்து இரவு ஐபேட்டிலும் ஐந்து இரவு அச்சுப் புத்தகத்திலும் படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம் படித்தார்கள். ஐபேட்டில் படித்த இரவுகளில் தூக்கம் வர ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாகப் பிடித்தது, தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பும் தள்ளிப்போனது. அங்கே ஐபேட் முழு வெளிச்சத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரவில் டேப்லெட்டில் படிப்பவர் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, நிறத்தை மஞ்சளுக்கு மாற்றிக்கொண்டால் பாதிப்பு குறையும். என் அனுபவத்தில் ஒளியைவிடத் தூக்கத்தைக் கெடுத்தது, 'இதை மட்டும் பார்த்துவிடுவோம்' என்று அத்தியாயத்தின் நடுவே உலாவிக்குத் தாவியதுதான். இ-ரீடரில் அந்தத் தாவல் நடக்காது.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

உறை, கண்ணாடிப் படலம், நினைவக அட்டை இவையெல்லாம் தெரிந்ததுதான். தெரியாதவை வேறு.

புத்தகம் உங்களுடையது அல்ல. 2009 ஜூலையில் அமேசான், உரிமையில்லாத பதிப்பு என்று ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே தொலைவிலிருந்து அழித்தது. பிறகு மன்னிப்புக் கேட்டது. 2019 இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது பணம் திரும்ப வந்தது, புத்தகங்கள் போய்விட்டன. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியை அமேசான் நிறுத்திவிட்டது. பூட்டில்லாத, அதாவது எந்தக் கருவிக்கும் நகலெடுக்கக்கூடிய ஈபப்பாகக் கிடைக்கும் நூலை அப்படி வாங்குங்கள். காலிபர் மென்பொருளில் ஒரு பிரதி சேர்த்து வையுங்கள். கருவி மாறினாலும் நூலகம் கூடவே வரும்.

சேவையை நம்பி வாங்குவது. கோபோவில் இணையக் கட்டுரை படிக்கப் பல ஆண்டு பாக்கெட் சேவைதான் வழி. 2025 ஜூலையில் பாக்கெட்டே மூடப்பட்டது. கோபோ இன்ஸ்டாபேப்பரைக் கொண்டுவந்ததால் பயனர்கள் தப்பினார்கள். ஒரு வசதிக்காகவே கருவி வாங்கும்போது, அந்த வசதி யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டேப்லெட் சீக்கிரம் கிழடாகிறது. உடல் நன்றாக இருக்கும், இணையம் கைவிட்டுவிடும். 2021 செப்டம்பர் 30 அன்று, ஏராளமான தளங்கள் சார்ந்திருந்த, தளம் நம்பத்தக்கது என்று கருவிக்கு உறுதிசொல்லும் பாதுகாப்பு வேர்ச்சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, புதுப்பிப்பு நின்றுபோன பழைய கருவிகள் பலவற்றில் தளங்கள் திறக்கவில்லை. 2025 இல் குரோம் உலாவி ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டுக்கும் புதிய பதிப்பு தருவதை நிறுத்தியது. மலிவு டேப்லெட் வாங்கும்போது எத்தனை வருடம் புதுப்பிப்பு தருவார்கள் என்று பார்த்து, விலையை அந்த வருடங்களால் வகுத்துப் பாருங்கள். இ-ரீடருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஏற்கெனவே ஏற்றிய புத்தகத்தைப் படிக்க இணையமே வேண்டாம், பத்து வருடப் பழையதும் பக்கம் புரட்டும். அதனால் பழைய கருவி வாங்குவதானால் இ-ரீடரைத் தைரியமாக வாங்கலாம், டேப்லெட்டை யோசித்து வாங்க வேண்டும்.

திரை உடைவது. இ-ரீடரின் திரைக்குள் மெல்லிய கண்ணாடி அடுக்கு இருக்கிறது. பையில் நெருக்கினால் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே விரிசல் விழுந்து, பாதித் திரை கோடுகளாய் உறைந்துவிடும். கெட்டியான உறை இல்லாமல் பையில் போடாதீர்கள்.

## சரி, எதை வாங்குவது?

ஒன்றுதான் வாங்க முடியும், நல்ல போன் இருக்கிறது, படிப்பது கதையும் கட்டுரையும் என்றால் 7 அங்குலச் சாதாரண இ-ரீடர். 6 அங்குலம் வேண்டாம்; தமிழுக்கு அந்த ஓர் அங்குலம் பெரிய வித்தியாசம். படிப்பதில் பாதிக்கு மேல் பிடிஎஃப் என்றால் 11 அங்குல டேப்லெட், வேறு பேச்சில்லை. இரண்டும் கலந்து வருகிறது, ஒன்றுக்குத்தான் காசு என்றால் நல்ல புள்ளி அடர்த்தியுள்ள 8 அங்குலம். வாசிப்புக்கும் இணையத்துக்கும் ஒரே கருவி தேடும் ஆசையை விட்டால், பழைய டேப்லெட் ஒன்றைப் பிடிஎஃப்புக்கு வைத்துக்கொண்டு விலை குறைந்த இ-ரீடரைக் கூடச் சேர்ப்பது, விலையுயர்ந்த ஒற்றைக் கருவியைவிட நன்றாக உழைக்கும். என் வீட்டில் இப்போது இருப்பது இந்த ஜோடிதான்.

எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் தமிழ் எழுத்தைச் சோதியுங்கள். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் 'கெ' என்ற எழுத்தில் 'க' முதலிலும் ஒற்றைக் கொம்பு அடுத்ததாகவும் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்ட வேண்டியது மென்பொருளின் வேலை. 'கொ' வந்தால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் பிரிய வேண்டும். இது தெரியாத கருவியில் கொம்பு பின்னால் போய்ப் புள்ளி வட்டத்தோடு அநாதையாக நிற்கும். பொய்கை, தேனீ, கோழி, மௌனம், ஸ்ரீ, லக்ஷ்மி என்று ஐந்தாறு சொல்லைக் கோப்பில் தட்டி ஈபப்பாக மாற்றி ஏற்றுங்கள். புத்தகத்தின் உள்ளே மட்டும் பார்க்காமல், நூலகப் பட்டியலில் தலைப்பு எப்படி வருகிறது, தேடல் பெட்டியில் தமிழில் தட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். உள்ளே ஒழுங்காகத் தெரிந்து தலைப்பில் உடைகிற கருவியும் உண்டு. பாமினி போன்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பில் தேடல் வேலை செய்யாமல் போனால் அது கோப்பின் கோளாறு, அதற்காகக் கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.